மல்லிகை கட்டிய பிறகு

என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆனபோது எனக்கு இடது மார்பில் பால் கட்டிச் சீழ் பிடித்தது. சீழைக் கீறி எடுத்த மருத்துவமனையில், இனித் தாய்ப்பால் வேண்டாம், டப்பாப் பாலுக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்கள். வலது மார்பில் தொடர்ந்து கொடுத்திருக்கலாம் என்பதும், புண் ஆறியதும் இடது பக்கத்திலும் கொடுத்திருக்கலாம் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்தே தெரியவந்தன.

நான் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா தமக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினார். யாங்கோனில் நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது, தெருவில் வாங்கும் சிறு பொருள்கள் எல்லாம் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் மாட்டப்பட்டுத்தான் மேலே வரும். ஒரு வாரம் முழுக்க அந்தக் கயிற்றில் காலையும் மாலையும் மல்லிகைச் சரம் ஏறி வந்தது. அதை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார் அம்மா, பால் வற்றிவிட்டது. இதைப் பாட்டி வைத்தியம் என்று சிரித்து ஒதுக்கவும் முடியாது. 1988ஆம் ஆண்டு வெளியான வேலூர் மருத்துவர்களின் ஆய்வொன்றில், பால் வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் மல்லிகைப் பூவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டிலுமே பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் குறைந்திருந்தது.

அடுத்த ஒன்றரை மாதத்தில் குழந்தைக்கு இருமுறை வயிற்றுப்போக்கு வந்தது. மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத நாள்களில் தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் புட்டியைக் கொதிநீரில் போட்டெடுப்பதும் பெரும்பாடாக இருந்தன. பால் டப்பாவின் விலையோ ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் ஏறியிருந்தது. அப்போதுதான் அத்தைக்குப் பழக்கமான, ஓய்வுபெற்ற பர்மியத் தாதி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாங்கள் சயாமா என்று அழைக்கும் அவர், குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நின்ற பாலைத் திரும்ப வரவைக்கலாம். ஆனால் அதை வரவழைக்க வேண்டியவள் இவள்தான்” என்று குழந்தையைக் காட்டினார்.

அவர் சொன்ன விளக்கம் எளியது. குழந்தை காம்பைச் சப்பும்போது அந்தத் தூண்டுதல் மூளைக்குச் சென்று புரோலாக்டினைச் சுரக்கவைக்கிறது. இரவில் அது இன்னும் கூடுதலாகச் சுரக்கும். ஊறிய பால் மார்பிலேயே தங்கினால் சுரப்பு குறைந்துபோகும், வெளியேறிக்கொண்டே இருந்தால் கூடும். ஆகவே, பால் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை சப்ப வேண்டும்.

வெறும் மார்பை எந்தக் குழந்தை சப்பும்? அதற்குத்தான் பால் ஊட்டப் பயன்படும் மெல்லிய குழாய். அதன் ஒரு முனை டப்பாப் பால் உள்ள கிண்ணத்தில் இருக்கும். மறுமுனை காம்பின் ஓரமாக ஒட்டப்பட்டுக் குழந்தையின் வாய்க்குள் போகும். குழந்தை சப்பச் சப்பக் குழாய் வழியே பால் வருவதால் அது மார்பை விடாது. கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் மெதுவாக வரும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்த உடனே குழாயைச் சோப்பு கலந்த வெந்நீரில் அலசிவிட வேண்டும். இந்தக் குழாயும் அதே கயிற்றில்தான் மேலே வந்தது.

முதல் மூன்று நாள்கள் மகள் முதுகை வளைத்துக்கொண்டு கத்தினாள். பசி முற்றிய பிறகு மார்பில் போட்டதுதான் என் தவறு. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, மேல்சட்டை இல்லாமல் நெஞ்சோடு அணைத்து, காம்பில் இரண்டு சொட்டுப் பாலை விட்டுக் காத்திருந்தபோது நான்காம் நாள் தானாகவே வாய் வைத்தாள். அவள் மறுத்த வேளைகளில் கையால் பீய்ச்சினேன். எதுவும் வரவில்லை என்றாலும் நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் இரவு காம்பின் நுனியில் ஒரு சொட்டு நின்றது. விளக்கைப் போட்டுப் பார்க்க மின்சாரம் இல்லை; கைபேசி வெளிச்சத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா சுறாப் புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையும் கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுப் பர்மியப் பெண் சுரைக்காய் சூப் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டேன், ஆனால் பாலை வரவழைத்தது சப்பியதுதான் என்றே நம்புகிறேன். பால் சுரப்பைக் கூட்டுவதற்கென்று டாம்பெரிடோன் மாத்திரையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். அது இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்ததால் நான் தொடவில்லை.

பிறகு வந்த வேலை கணக்குப் பார்ப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 150 மில்லி வீதம், ஐந்தரைக் கிலோ இருந்த மகளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 825 மில்லி தேவைப்பட்டது. என் பால் ஊற ஊற, டப்பாப் பாலை ஒவ்வொரு கட்டத்திலும் 50 மில்லி மட்டும் குறைத்துச் சில நாள்கள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார் சயாமா. நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா, வாரத்துக்கு 125 கிராமாவது எடை கூடுகிறாளா என்பவைதான் அளவுகோல். ஒரு வாரம் எடை கூடவில்லை. ஆசையில் அவசரப்பட்டுக் குறைத்திருந்தேன். மனமில்லாமல் அந்த 50 மில்லியைத் திரும்பச் சேர்த்தேன்.

மகளுக்கு ஆறு மாதம் முடிந்து கஞ்சி தொடங்கியபோது டப்பாப் பால் நாளைக்கு 350 மில்லிக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. நானும் அதற்கு மேல் போராடவில்லை. இரவுகளில் புட்டி வேண்டியிருக்கவில்லை, இருட்டில் வெந்நீர் தேட வேண்டியதும் இல்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மா அந்த மல்லிகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், கயிற்றில் ஏறி வரும் பூவை என் தலையில் வைத்துவிட்டு, தோளுக்கு முன்னால் சரிந்து விழும் சரத்தை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிடுகிறார்.