மார்லினைப் பறிகொடுத்த கிளிப்பும் பெட்டி எடை பார்க்கும் தராசும்

மொரீஷியசிலிருந்து திரும்பி நான்கு நாட்கள் ஆகியும் எனக்கு மனம் ஆறவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மார்லின் என்னும் ஈட்டிமூக்குப் பெருமீனின் காலம் என்பதால், நான்கு நண்பர்கள் பணத்தைப் பங்கிட்டு, அப்படியும் கையைக் கடிக்கும் வாடகைக்கு, அரை நாள் படகு பிடித்திருந்தோம். தலைநகர் போர்ட் லூயியிலிருந்து படகு புறப்படும் ரிவியேர் நுவார் செல்ல டாக்சிக்காரர் 2,500 ரூபாய் கேட்டு, நெடுநேரம் பேரம் பேசிய பிறகே 1,800க்கு இறங்கினார். தமிழ் எழுத்து அச்சிட்ட அந்நாட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது இரட்டிப்பாக வலித்தது.

லெ மோர்ன் மலையை ஒட்டிய கரையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே கடல் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே தூண்டில்களை விட்டுவிட்டோம். படகின் இருபுறமும் மீசை போல நீண்டிருக்கும் அவுட்ரிகர் கம்புகளில், கொடிமரத்துக் கயிறு போல மேலும் கீழும் ஓடும் ஒரு கயிறு இருக்கும். ரிலீஸ் கிளிப் அதில்தான் கட்டப்பட்டிருக்கும். தூண்டில் நரம்பைப் படகை விட்டு விலக்கிப் பிடித்திருப்பதும், மீன் அடித்தவுடன் விட்டுவிடுவதுமே அதன் வேலை.

எங்கள் படகின் கிளிப்புகள் அந்த இரண்டையுமே ஒழுங்காகச் செய்யவில்லை. இடப்பக்கக் கிளிப் ஒவ்வோர் அலைக்கும் தானாகவே விட்டுக்கொண்டிருந்தது. பொறுமையிழந்த உதவியாளர் இரண்டு கிளிப்புகளின் திருகுகளையும் இறுகும் மட்டும் திருகிவிட்டார். பத்து நிமிடம் கழித்து வலப்பக்க லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, பின்னால் கருநீல முதுகு ஒன்று எழுந்து அடித்தது. கம்பு வில்லாக வளைந்து நின்றதே தவிரக் கிளிப் விடவில்லை. அது விட்டபோது மீனும் போயிருந்தது. தொய்ந்த நரம்பை ரீல் சுற்றி முடிப்பதற்குள் கொக்கியைக் கழற்றிவிட மார்லினுக்கு அதிக நேரம் தேவையில்லை.

அப்போதுதான் பையில் கிடந்த, பெட்டி எடை பார்க்கும் முள் தராசு நினைவுக்கு வந்தது. முள்ளோடு நகர்ந்து, உச்ச எடையிலேயே நின்றுவிடும் சிவப்பு ஊசி அதில் உண்டு. நரம்பைக் கிளிப்பில் மாட்டித் தராசுக் கொக்கியில் சுற்றி, லூர் கிடக்கும் திசையில் இழுத்தேன். வலப்பக்கம் 9 கிலோவைத் தாண்டிய பிறகே விட்டது. மணிக்கு எட்டு கடல் மைல் (நாட்) வேகத்தில் எங்கள் லூர் இழுத்த இழுப்போ 2 கிலோதான். 80 பவுண்டு இழுப்பு தாங்கும் நரம்புக்கு அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 12 கிலோ, ரீலின் டிராக் (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) வைப்பது வழக்கம். லூரின் இழுப்பை விடத் தெளிவாகக் கூடுதலாகவும், டிராக்கை விட நன்றாகக் குறைவாகவும் கிளிப் நிற்க வேண்டும் என்பதால், இரண்டையும் 4 கிலோவுக்குக் கொண்டுவந்தேன்.

நான் கொண்டுபோன ரீலில் பின்னல் நரம்பு இருந்தது. வழுவழுப்பான அது எந்தக் கிளிப்பிலும் நழுவும். அதற்கு ரப்பர் பேண்டே போதும்: நரம்பின்மேல் வைத்து, அதன் கண்ணுக்குள்ளேயே நான்கைந்து முறை நுழைத்து இறுக்கி, மிஞ்சும் வளையத்தைக் கிளிப்பில் மாட்டலாம். தடித்த பேண்டு மட்டும் ஆகாது, அதன் முடிச்சு தூண்டில் கோலின் வளையங்களில் சிக்கும். உருளை வைத்த கிளிப்பில், நரம்பைக் கழற்றாமலே லூரைத் தள்ளியும் கிட்டேயும் விடலாம். காசு இருந்தால் அதையே வாங்குவேன். கிளிப்புக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சுவிவல் (சுழலும் இணைப்பு) அவசியம். கயிறு தொய்வாக இருந்தால் கிளிப் சுழன்று நரம்பைக் கயிற்றோடு முறுக்கிவிடும். அன்று அதை அவிழ்க்கவே அரை மணி நேரம் வீணானது.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு வந்தது ஒரு சூரைதான். ஆனால் கிளிப் “டக்” என்று விட்ட அந்தச் சத்தம் எனக்கு மார்லினுக்கு நிகர். கரையேறிய பசியில் தின்ற தால் பூரியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்: மெல்லிய பூரி இரண்டு, நடுவே பட்டர் பீன்ஸ் குழம்பு, மிளகாய்த் துவையல், அந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு உண்மையில் தகுதியான ஒரே பொருள் அதுதான்.

உப்புநீர் பட்ட தராசை நான் கழுவவில்லை. விமான நிலையத்தில் அது 22 கிலோ காட்டிய பெட்டி, கவுண்டரில் 25 கிலோ காட்டியது. கூடுதல் கட்டணம் கட்டினேன்.