ஈரக் காட்டில் பிளாஸ்மா லைட்டர்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

மலையேறப் போகிறவர்களின் பையில் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் பிளாஸ்மா லைட்டர். ஆர்க் லைட்டர் என்றும் சொல்வார்கள். இதில் கேஸும் இல்லை, கல்லும் இல்லை. பொத்தானை அழுத்தினால் இரண்டு முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் மின்பொறி ஒரு கோடாக நிற்கும். காற்றுக்கு அணையாது, தண்ணீர் புகாது, ஆபத்தில் உயிரைக் காக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். காற்றுக்கு அணையாது என்பது உண்மை. நல்ல மூடியும் ரப்பர் வளையமும் இருந்தால் தண்ணீரும் புகாது. மூன்றாவதை நம்பி இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் எனக்குக் கவலை.

உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, ஒரு சிறு மின்சுற்று, விரல் நுனியளவு டிரான்ஸ்ஃபார்மர், பீங்கான் தாங்கியில் பதித்த இரண்டு அல்லது நான்கு உலோக முனைகள். ஒரு மில்லிமீட்டர் காற்றிடைவெளியை மின்சாரம் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 3.7 வோல்ட்டைப் பல ஆயிரமாக உயர்த்தித்தான் அந்தப் பொறி பிறக்கிறது. முனைகளின் இடைவெளி பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ.தான். குறைகளில் பாதி இந்த இடைவெளியிலிருந்தே வருகின்றன. சுள்ளி அதற்குள் நுழையாது. ஒரு நூல், ஒரு காகித விளிம்பு, ஒரு மெழுகுவர்த்தித் திரி, இவ்வளவுதான் நுழையும். பொறிக்கு மேலே காட்டினால் பற்றாது, பொறியே அந்தப் பொருளைத் தொட வேண்டும்.

மீதிப் பாதி, பேட்டரியில் உள்ள ஆற்றலின் அளவு. இவற்றில் சாதாரணமாக வரும் 250 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். முழு சார்ஜில் அதில் இருப்பது சுமார் 3.3 கிலோஜூல். ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 1 கிலோஜூல். அதாவது மொத்த பேட்டரியும் மூன்று தீக்குச்சிக்குச் சமம். பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரண கேஸ் லைட்டரில் 4 கிராம் பியூட்டேன் இருந்தால் அதன் வெப்பம் சுமார் 180 கிலோஜூல். ஐம்பது மடங்குக்கும் மேல்.

காய்ந்த பொருளைப் பற்றவைக்க இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது, ஒரு பொறி போதும். ஆனால் ஆபத்து என்பது பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது. 10 டிகிரி குளிரில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 2.6 கிலோஜூல் வேண்டும். பேட்டரி முழுவதையும் ஒரு சொட்டு வீணாகாமல் செலவழித்தாலும் ஒன்றேகால் கிராம் தண்ணீரைத்தான் விரட்டலாம். ஈரச் சருகையோ நனைந்த பட்டையையோ காய வைத்துப் பற்றவைப்பது தீச்சுடரால் முடியும். பொறியால் முடியாது. இந்தக் கருவியைப் பற்றி நினைவில் வைக்க ஒன்றே ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்.

குளிரைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு பக்கமும் பேச வேண்டும். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதற்குக் கீழே கேஸ் ஆவியாகாது, லைட்டர் செத்ததுபோல் கிடக்கும். ஐந்து நிமிடம் அக்குளில் வைத்தால் உயிர் வந்துவிடும். சமையலறையில் டக்கென்று அடிக்கும் பியஸோ வகை லைட்டர்கள் மலை உயரத்தில் அடிக்கடி கைவிடும். அங்கே சக்கரம் உருட்டுகிற கல் லைட்டர்தான் நம்பகம். பிளாஸ்மா லைட்டருக்கு உயரம் ஒரு தடையில்லை. காற்று மெலிந்த இடத்தில் மின்பொறி இன்னும் சுலபமாகத் தாண்டும். அதன் எதிரி குளிர். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரி கொடுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். அந்தக் குளிரிலேயே பவர் பேங்கில் செருகி சார்ஜ் ஏற்றுவது இன்னும் கெடுதல்: லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். தூங்கும் பைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகே சார்ஜ் போட வேண்டும்.

அடிக்கடி வரும் பழுது கரி. தீ மூட்டுவதற்காக வாஸ்லின் தடவிய பஞ்சை அப்படியே முனைகளுக்குள் திணித்தால் எண்ணெயும் கரியும் பீங்கானில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அடுத்த முறை பொறி காற்றில் பாயாமல் பீங்கானின் மேலே ஊர்ந்து போகும், சத்தம் வரும், சூடு வராது. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் சரியாகும். அதைவிடப் பஞ்சின் நடுவிலிருந்து வாஸ்லின் படாத நாலு இழையை வெளியே இழுத்து அதை மட்டும் காட்டுவது நல்லது. முனைகள் நனைந்திருந்தாலும் இதே கதைதான். பலமாக உதறி, ஊதி, ஒரு நிமிடம் விட்டு அழுத்த வேண்டும். பையில் தானாக அழுந்தாமல் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலானவை சில விநாடிகளில் தானே அணையும்படி செய்யப்பட்டவை. அது பழுதில்லை, விட்டு மீண்டும் அழுத்தினால் போதும்.

அப்படியானால் எங்கே பயன்படும்? இமயத்தில் மரக்கோட்டுக்கு மேலே. உத்தராகண்டில் சுமார் 3,500 மீட்டரைத் தாண்டினால் விறகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. அங்கே தீ என்றால் கேஸ் அடுப்பு மட்டும்தான். காற்று வீசும் முகாமில் அடுப்பைப் பற்றவைக்க, நீண்ட கழுத்துள்ள பிளாஸ்மா லைட்டரை மிஞ்ச வேறொன்றில்லை. கழுத்தில்லாத குட்டை வகையை அடுப்பருகே கொண்டுபோனால் விரல் வேகும், வாங்குவதானால் நீண்டதையே வாங்குங்கள். எப்படியும் பவர் பேங்க் சுமக்கிறவருக்கு இது கூடுதல் வசதி. பவர் பேங்க் இல்லாதவருக்கு மூன்று நாளில் பாரம்.

ஆபத்துக்கென்று ஒன்றை எடுப்பதானால் நான் எடுப்பது ஃபெரோ ராட், அதாவது சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1903இல் உருவாக்கிய கலவை அது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மாண்டிலும் அவர் கண்டுபிடிப்புதான். சீரியமும் இரும்பும் கலந்த அந்தக் குச்சியைச் சுரண்டினால் பறக்கும் துகள்கள் ஏறக்குறைய 3,000 டிகிரி சூட்டில் எரியும். பேட்டரி வேண்டாம், நனைந்தால் துடைத்துவிட்டு அடிக்கலாம். புதிதாக வாங்கியதில் கறுப்புப் பூச்சு இருக்கும், முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘பொறியே வரவில்லை’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். கத்தியின் கூர்ப்பக்கத்தால் அடிக்கக் கூடாது, முதுகுப் பக்கத்தின் கூரான விளிம்பால் அழுத்திச் சுரண்ட வேண்டும். கத்தியை முன்னே தள்ளினால் குவித்து வைத்த பஞ்சு சிதறும். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியைப் பின்னால் இழுத்தால் பொறி நேராகப் பஞ்சின் மேல் விழும். கடலோர ஈரத்தில் இது அரித்துப் பொடியாகும், லேசாக வாஸ்லின் பூசி வைக்கலாம். இதற்கும் ஒரு குறை உண்டு. விறைத்துப்போன கைக்கு இந்த இழுப்பு கடினம். அதனால்தான் கல் லைட்டர் ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் அது தருவது முதல் பொறியை மட்டும். தீ நிற்பதும் நிற்காததும் அந்தப் பொறி விழும் பொருளைப் பொறுத்தது, அது நம் கையோடு வர வேண்டும். வாஸ்லின் பஞ்சு மலிவு: எலுமிச்சை அளவு பஞ்சு உருண்டைக்கு ஒரு தேக்கரண்டி வாஸ்லின், வெளியே மட்டும் தேய்த்து நடுவை உலர்வாக விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஆறு உருண்டை. எடுத்துப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் சில நிமிடம் நின்று எரியும். இன்னொன்று நம் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது: சூடம். தண்ணீரில் மிதந்துகொண்டே எரியக்கூடியது. திறந்து வைத்தால் ஆவியாகிப் போய்விடும் என்பதால் இறுக்கமான டப்பா கட்டாயம். பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தால் நனைந்த பின்னும் சுடரில் பிடித்து எரியும், புகைதான் கறுப்பாக வரும்.

மழையில் மூட்டும்போது தரையின் ஈரம் மேலே ஏறாதபடி முதலில் கை தடிமனுள்ள கட்டைகளை அடுக்கி ஒரு மேடை போடுங்கள். தரையில் கிடப்பதை விட்டு, மரத்தில் தொங்கும் பட்ட குச்சிகளை ஒடியுங்கள். மடார் என்று ஒடிந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. மணிக்கட்டுக் கனமுள்ள துண்டைப் பிளந்தால் நடுப்பகுதி உலர்ந்திருக்கும், அதைச் சீவித் தீக்குச்சி அளவில் இரண்டு கைப்பிடி, பென்சில் அளவில் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் அளவில் ஓர் அணைப்பு. இவ்வளவும் பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் பஞ்சைப் பற்றவைக்க வேண்டும். பஞ்சு எரிய ஆரம்பித்த பிறகு சுள்ளி தேடி ஓடினால் தீ அணைந்துதான் போகும். கூடாரத்துக்குள் எதையும் எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும்.

நம் மலைகளுக்குள் நடப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைச் சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் காய்ந்த போதைப்புல் என்னும் மலைப்புல் சரிவில் ஒரு பொறி விழுந்தால் காற்று அதை மேட்டில் ஏற்றும் வேகத்துக்கு யாராலும் ஓட முடியாது. வழி தவறி இரவு தங்க நேர்ந்தால் முதலில் ஈர உடையை மாற்றுவது, தரைக்கும் உடம்புக்கும் நடுவே பையையாவது போடுவது, மழைத் தாளுக்குள் ஒன்றாக ஒடுங்குவது. இவ்வளவும் செய்த பிறகும் நடுக்கம் நிற்காவிட்டால்தான் தீ, அதுவும் புல்லில்லாத பாறை மேல்.

ஏற்கெனவே பிளாஸ்மா லைட்டர் வாங்கிவிட்டவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முழு சார்ஜ் ஏற்றி இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள், பிறகு பொறி வருகிறதா? உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்த உடனே அழுத்துங்கள். மூடியை மூடி அரை நிமிடம் வாளித் தண்ணீரில் அமுக்கி, உதறிவிட்டு அழுத்துங்கள். கடைசியாகக் கையை ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, பூட்டை விடுவித்து ஒரு பஞ்சிழையைப் பற்றவைத்துப் பாருங்கள். நான்கிலும் தேறினால் பையில் போடுங்கள், கல் லைட்டருக்கும் ஃபெரோ ராடுக்கும் பக்கத்தில்.