வேப்பங்கொழுந்தும் பூச்சி மாத்திரையும்

அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வேப்பங்கொழுந்தையும் ஓமத்தையும் அம்மியில் மைய அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி வைப்பாள். துப்பினால் இன்னோர் உருண்டை; விழுங்கினால் ஒரு துண்டு கருப்பட்டி. பூச்சி செத்ததோ இல்லையோ, யாரும் பார்த்ததில்லை.

என் மகளுக்குக் கீரிப்பூச்சி வந்து இரவெல்லாம் அரிப்பு. "மாத்திரை சூடுல்லா, வேப்பெண்ணெய் கொடு" என்றார் மதினி. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேப்பெண்ணெய் புகட்டிக் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு கண்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பச்சிலை என்றால் பத்தியமே வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு காலத்தில் பூச்சிக்குக் கொடுத்த சாண்டோனின், மாசிப்பத்திரி இனச் செடியின் மொட்டிலிருந்து எடுத்ததுதான். அதைத் தின்றால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை புழுவைச் சர்க்கரை உறிஞ்சவிடாமல் பட்டினி போட்டே கொல்கிறது. 400 மில்லிகிராம், 1 முதல் 2 வயதுக்குள் பாதி. குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசம். கீரிப்பூச்சிக்கு 2 வாரம் கழித்து இன்னொரு வேளை, வீட்டில் அனைவருக்கும். மதினியும் முகம் சுளித்துக்கொண்டே மென்றார்.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. சாட்டைப்புழு ஒரே வேளைக்கு அவ்வளவு எளிதில் மசியாது. கொக்கிப்புழுவோ ஈரமண்ணிலிருந்து பாதத்தோல் வழியே ஏறும், இரத்தத்தை உறிஞ்சும். எங்கள் மாமா இன்னமும் வாழைக்குச் செருப்பில்லாமல்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார்.