ஒழுங்கைக்குள் ஒரு றொட்வைலர்

2025 யூன் 8, ஞாயிறு

நேற்று மாலை, ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவனை, நான்கு வீடு தள்ளியுள்ள வளவில் வளர்க்கப்படும் றொட்வைலர் நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த வாகனத்துக்காகத் திறந்த கேற்றை யாரும் திரும்பப் பூட்டவில்லை. காயத்தை நானும் பார்த்தேன். ஊர் நாய் கடித்தால் பெரும்பாலும் பல் பதிந்த இரண்டு மூன்று துளைகளோடு நின்றுவிடும். இங்கே தசை கிழிந்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. தாயார் பதற்றத்தில் கோப்பித்தூளை அப்பப் போக, பக்கத்து வீட்டில் இருக்கும் இளைப்பாறிய தாதி அவரைத் தடுத்து, காலைக் குழாயின் கீழ் பிடித்துச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவச் செய்து, அதன் பிறகே ஓட்டோவில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார். நாய்க்குத் தடுப்பூசி போட்டதற்கான புத்தகத்தை அந்த வீட்டாரால் காட்ட முடியாதபடியால், விசர்நாய்க்கடிக்கான மருந்தைக் காயத்தைச் சுற்றியே ஏற்ற வேண்டியதாயிற்று.

இன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் அவசரமாகக் கூடினோம். றொட்வைலர், டோபர்மன், பிற்புல் முதலிய நாய்களை ஊர்மனைக்குள் வளர்ப்பதைத் தடை செய்யும்படி பிரதேச சபைக்கு மனுக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மே 6இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு இப்போதுதான் புதிய சபை கூடத் தொடங்கியிருப்பதால், சூட்டோடு சூடாகக் கொடுத்தால் எடுபடும் என்பது எல்லோருடைய எண்ணம். செயலாளர் என்ற வகையில் மனுவை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதுவதற்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு நாயின் இனப் பெயரை எழுதி அதன் கீழ் ஊரே கையொப்பமிடுவதற்கு முன்னர், அந்தப் பெயருக்கும் அந்தக் காயத்துக்கும் உள்ள தொடர்பை நான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

யூன் 10, செவ்வாய்

பொசன் பௌர்ணமி விடுமுறை. காலையிலிருந்து மாம்பழக்காரன் முதல் ஐயர் வரை எல்லோரிடமும் இதே கதைதான். “அந்தச் சாதி நாய்க்கு இரத்தத்திலேயே வெறி இருக்கு” என்பது ஒரு கட்சி. “நாயில பிழையில்லை அண்ணை, வளர்த்தவனிலதான் பிழை” என்பது மறு கட்சி. இரண்டாவது கட்சியில் பெரும்பாலும் நாய் வளர்ப்பவர்களே இருக்கிறார்கள் என்பதையும், முதலாவது கட்சியில் இருப்பவர்களில் பலர் அந்த நாயைக் கேற்றுக்கு உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

இதே ஒழுங்கையில் இளைப்பாறிய அதிபர் ஒருவரின் பொமரேனியன், தபாற்காரரைக் குறைந்தது இரண்டு முறையாவது கடித்திருக்கிறது என்பது ஊரறிந்த விடயம். அதற்காக யாரும் கூட்டம் கூட்டவில்லை, மனு எழுதவில்லை, தபாற்காரர்கூடச் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்வார். கடிக்கும் குணத்தை வைத்துப் பார்த்தால் மனுவில் முதலாவதாக வரவேண்டியது அந்த வெள்ளைப் பஞ்சு நாய்தான். எனினும் அதன் வாயில் அகப்பட்ட கால் தையல் இல்லாமலே ஆறிவிட்டது. வளர்ந்த ஆண் றொட்வைலர் 50 கிலோவுக்கு மேல் நிறை வரும். அது சினந்து கடித்தாலும், பயந்து கடித்தாலும், விளையாட்டாகக் கடித்தாலும் விளைவு வேறு. ஆகவே “எந்த நாய் கடிக்கும்” என்ற கேள்வியையும், “கடித்தால் என்ன ஆகும்” என்ற கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியபடியேதான் இரு கட்சியினரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

யூன் 13, வெள்ளி

இன்று அந்த வளவுக்குப் போனேன். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர் வயதான பெரியம்மா ஒருவரும், வளவு பார்க்கும் பொடியன் ஒருவனும் மாத்திரமே. இரண்டு வருடங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து, வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லிக் கட்டிவிட்டு விமானம் ஏறியிருக்கிறார். பெயர் ரைகர்.

தண்ணீர்த் தாங்கியின் அடியில் கட்டியிருந்தார்கள். சங்கிலி உரசி உரசிச் சீமெந்துத் தரையில் அரைவட்டமாக ஒரு தடம் வழுவழுப்பாகியிருந்தது. அந்த அரைவட்டத்துக்கு வெளியே அதற்கு உலகம் இல்லை. கழுத்துப் பட்டியின் கீழ் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. நான் சற்றுத் தள்ளி நின்றேன். நாய் முதலில் மூக்கை நக்கியது, பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய என்னையே பார்த்தது, அதன் பிறகு தொண்டைக்குள் மெல்ல உறுமத் தொடங்கியது. உடனே பொடியன் பக்கத்தில் தயாராகச் சாத்தி வைத்திருந்த குழாய்த் துண்டை ஓங்கினான். உறுமல் நின்றுவிட்டது, ஆனால் உடம்பு அதே விறைப்போடு இருந்தது. “இப்ப பாருங்கோ ஐயா, சத்தம் போடாது” என்றான் பெருமையாக.

திரும்பும் வழியில் எங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் ஏறினேன். உறுமுவதற்காக அடிவாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது என்று அவர் விளக்கினார். மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, விறைப்பது, உறுமுவது என்று நாய் ஒவ்வொரு படியாக ஏறியே கடைசியில் கடிக்கு வருகிறது என்பதும், இடைப்பட்ட படிகளை அடித்துக் கழற்றிவிட்டால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் ஒன்றை நாமே உருவாக்கிவிடுகிறோம் என்பதும் அவர் சொன்னதன் சாரம். பிறந்து மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழ 14ஆம் கிழமை வரையான காலத்தில் குட்டி பலவித மனிதரையும் சைக்கிளையும் குடையையும் பிள்ளைகளின் கூச்சலையும் பார்த்துப் பழக வேண்டும். ரைகர் அந்தக் காலத்தின் பாதியைக் கூட்டிலும் மீதியைச் சங்கிலியிலும் கழித்திருக்கிறது. ஆனால் வைத்தியர் நாய்க்கு வக்காலத்து வாங்கவில்லை. இதே மாதிரி வளர்ந்த ஊர் நாய்கள் எத்தனையோ உள்ளன என்றும், அவற்றிடமிருந்து இந்தக் காயம் வராது என்றும், இவ்வளவு பலமுள்ள பிராணியைக் கொண்டுவருபவன் அந்தப் பலத்துக்கு ஏற்ற பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறான் என்றும் சொன்னார்.

யூன் 16, திங்கள்

மனுவில் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதால் இன்று முழுவதும் அதிலேயே போயிற்று. நம் நாட்டில் நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச்சட்டம் அதற்கும் முந்தியது, 1893. அக்காலத்தவருக்கு நாய் என்றால் முதற்பயம் விசர்தான், அதில் நியாயமும் இருந்தது. 1973இல்கூட இலங்கையில் ஒரே ஆண்டில் 377 பேர் அந்நோயால் இறந்திருக்கிறார்கள். தடுப்பூசி பரவிய பிறகு அந்தத் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. பதிவுச் சட்டம் மட்டும் இன்னும் புத்தகத்தில் கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பதிவு செய்த நாய் ஒன்றுகூட இல்லை.

உரிமையாளனின் பொறுப்பைப் பற்றிப் பார்க்கும்போது இன்னும் பழைய ஒன்று அகப்பட்டது. நம் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, வீட்டுப் பிராணி ஒன்று தன் இனத்தின் இயல்புக்கு மாறாக, யாரும் சீண்டாத நிலையில், ஒருவருக்குத் தீங்கு செய்தால், உரிமையாளன் கவனயீனமாக இருந்தான் என்று நிரூபிக்காமலே அவனிடம் நட்டஈடு கோரலாம். கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ, அத்துமீறி வளவுக்குள் புகுந்திருந்தாலோ அந்த வழக்கு நிற்காது. எங்கள் பையன் பொது ஒழுங்கையில் சைக்கிள் ஓட்டினான். ஆக, எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலே அவனுடைய தகப்பனாருக்கு ஒரு வழி ஏற்கனவே திறந்திருக்கிறது. ஆனால் உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கும்போது அந்த வழியில் நடப்பது எவ்வளவு சுலபம் என்பது வேறு விடயம்.

தடை செய்த நாடுகளையும் பார்த்தேன். பிரித்தானியா 1991இல் பிற்புல், ஜப்பானிய ரோசா, டோகோ ஆர்ஜென்ரினோ, பீலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கைத் தடை செய்தது. றொட்வைலர் அந்தப் பட்டியலில் இல்லை! பிறகு எக்ஸ்.எல். புல்லி என்ற புதிய வகை கிளம்பி உயிர்ப்பலிகள் ஏற்பட, 2024 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதிவிலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதனை வைத்திருப்பதும் குற்றமாக்கப்பட்டது. பெயரைத் தடை செய்தால், அதே பலமும் அதே மிடுக்கும் தேடுபவர் பெயரில்லாத அடுத்த நாயைத் தேடிப் போகிறார். நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிற்புல் தடையை, கடிச் சம்பவங்கள் குறையவில்லை என்று சொல்லி 2008இல் கைவிடுவதாக அறிவித்தது. இந்தியாவின் மத்திய அரசு 2024 மார்ச்சில் றொட்வைலர் உட்பட 23 வகைகளைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. அயர்லாந்து 1998இல் செய்த ஏற்பாடே எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது: றொட்வைலர், டோபர்மன், அல்சேஷன் போன்றவற்றை வளர்க்கலாம், ஆனால் பொது இடத்தில் வாய்க்கூடும் குட்டையான வாரும் போட்டு, 16 வயதுக்கு மேற்பட்ட, நாயை அடக்கக்கூடிய ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

யூன் 21, சனி

சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்ததால் வெளியே போகவில்லை. நிலையத்துத் தம்பி ஒருவன் கைத்தொலைபேசியில் அனுப்பிய ஆய்வுகளை வாசித்தேன். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஒன்றில், 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டு, 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து, தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மாத்திரமே இனம் விளக்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். மற்றொன்று, 2000 முதல் 2009 வரை அந்நாட்டில் நாய் கடித்து நேர்ந்த 256 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 87 சதவீதமானவற்றில் இடையில் புகுந்து தடுக்கக்கூடிய ஒருவர் அருகில் இருக்கவில்லை. 76 சதவீதமானவற்றில் நாய் வீட்டாரோடு பழகாமல் காவலுக்கென்றோ கட்டியோ ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாயின் இனத்தை ஐயமின்றி உறுதிப்படுத்த முடிந்தது 45 சம்பவங்களில் மட்டுமே. 76 என்ற எண்ணைப் பார்த்தபோது தண்ணீர்த் தாங்கியடி ஞாபகம் வந்தது.

நாய் வளர்ப்பவர்கள் இந்த ஆய்வுகளைத் தூக்கிப் பிடிப்பார்கள் என்று தெரியும், எனவே என் மறுப்பையும் எழுதி வைக்கிறேன். 9 சதவீதம் என்பது குணத்தைப் பற்றிய கணக்கு, தாடையின் வலுவைப் பற்றியதல்ல. 2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய இரண்டு றொட்வைலர்களும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன என்பது உரிமையாளனின் குற்றம்தான். ஆயினும் அதே கவனயீனத்தோடு இரண்டு பொமரேனியன்களை விட்டிருந்தால் அந்தப் பிள்ளை சத்திரசிகிச்சை மேசைக்குப் போயிருக்காது. “வளர்ப்பில்தான் எல்லாம்” என்று சொல்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான்: எல்லாம் வளர்ப்பில் என்றால், பிழையாக வளர்க்கக்கூடியவர் கையில் இந்த நாய் போய்ச் சேராமலிருக்க என்ன வழி என்று அவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. வெளிநாட்டுக் காசில் பூட்டிய வீடுகளுக்குக் காவலாக, பார்க்க ஆளில்லாத இடத்தில் கட்டப்படும் பெரிய நாய்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தச் சேர்க்கைதான் என் மனுவின் பொருள்.

யூன் 29, ஞாயிறு

மனு இன்று கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. இனத் தடை என்ற பந்தியை எடுத்துவிட்டேன் என்றதும் பலத்த எதிர்ப்பு. கடிபட்ட பையனின் தகப்பனார் எழுந்து, “என்ர பிள்ளையின்ர காலைப் பாத்திட்டும் இப்பிடி எழுதுறியளோ மாஸ்டர்” என்று கேட்டார். அவருக்கு நான் விடயத்தைத்தான் சொன்னேன்: தடை வந்தாலும் ரைகர் இன்னும் பல வருடம் அதே சங்கிலியில் அதே கேற்றுக்குள் இருக்கும், ஆனால் இப்போது எழுதியிருப்பது நிறைவேறினால் அந்தக் கேற் அடுத்த மாதமே மாறும். வளவில் நிரந்தரமாக வசிக்கும், நாயை அடக்கக்கூடிய வயதுவந்த ஒருவரின் பெயரில் நாய் பதிவாக வேண்டும், ஊசிப் புத்தகம் வருடாவருடம் காட்டப்பட வேண்டும், 30 கிலோவுக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் தானாகச் சாத்திக்கொள்ளும் இரட்டைக் கேற்றும், வெளியே வாய்க்கூடும் வேண்டும், ஒருமுறை கடித்த நாய் எந்த இனமாயினும் மிருக வைத்தியரின் அறிக்கை இல்லாமல் அவிழ்க்கப்படக் கூடாது என்பவையே கோரிக்கைகள். 30 கிலோ என்ற எல்லை என் சொந்த யோசனை. சபை கூட்டலாம், குறைக்கலாம். நெடுநேர வாக்குவாதத்தின் பின் தகப்பனார் கையொப்பமிட்டார்.

கனடாக்காரரும் வட்ஸ்அப்பில் வந்து, மருத்துவச் செலவை ஏற்பதாகவும் இரண்டாவது கேற்றுக்குக் காசு அனுப்புவதாகவும் சொன்னார். நாய் தன் பெயரில் பதிவாகட்டும் என்றும் கேட்டார். அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவால் 50 கிலோ நாயைப் பிடிக்க முடியாது என்பதால், வைத்தியர் மூலம், பொலிஸ் சேவையில் இருந்து இளைப்பாறியவரும் நாய்ப் பழக்கம் உள்ளவருமான சுன்னாகத்துக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கிறோம். அவர் வந்து பார்த்த பிறகே ரைகரை என்ன செய்வது என்பது தீரும்.

நாளை காலை மனு தவிசாளரிடம் போகிறது. ஒழுங்கையில் கையொப்பமிடாத வீடு ஒன்றே ஒன்று. தன்னுடைய பொமரேனியன் நான்கு கிலோதான் என்றும், அதற்கெல்லாம் ஊசிப் புத்தகம் கேட்பது அநியாயம் என்றும் அதிபர் ஐயா சொல்லியனுப்பியிருக்கிறார்.