குரோகவாவில் ஓர் இரவு, மூன்று குளியல்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் பஸ் ஏறினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். குமமோட்டோ மாகாணத்தின் வடக்கு மலைகளுக்குள், ஒரு சிற்றாற்றின் இரு கரையிலுமாக இருக்கும் ரியோகான்களே குரோகவா என்ற வெந்நீர் ஊற்று ஊர். ரியோகான் என்றால் ஜப்பானியப் பழைய பாணித் தங்குமிடம். நான் போனது பிப்ரவரியில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காது மடல் மரத்துவிட்டது.

ஊரில் கண்ணைப் பறிக்கும் போர்டு ஒன்றுகூட இல்லை. 1980களில் விடுதிக்காரர்கள் கூடிப் பேசி, ஆளாளுக்கு வைத்திருந்த போர்டுகளைக் கழற்றிவிட்டு மரம் நட்டிருக்கிறார்கள். ஊர் மொத்தமும் ஒரே விடுதி, தெருதான் அதன் வராந்தா, ஒவ்வொரு ரியோகானும் அதில் ஓர் அறை. இது அவர்கள் சொல்லும் கணக்கு.

அறையில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. தாதாமிப் பாய், ஒரு குட்டை மேசை, மடித்து வைத்த யுகாதா என்ற பருத்தி அங்கி. வேட்டி கட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நானே சுற்றிக்கொண்டேன். தேநீர் கொண்டுவந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "சுமிமாசேன்" (மன்னிக்கவும்) என்றபடி கிட்டே வந்து, வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினார். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை என்பதை அப்புறம்தான் போனில் படித்தேன்.

இங்கே குளிக்க ஒரு மர வில்லை வாங்க வேண்டும். கயிறு கோத்த வட்டத் துண்டு, பெயர் தெகாதா. அதைக் காட்டி எந்த ரியோகானிலும், மொத்தம் மூன்று திறந்தவெளி வெந்நீர்க் குளங்களில் இறங்கலாம். இரண்டு விடுதிகளுக்குக் குளம் வெட்ட இடமில்லாமல் போகவே, எல்லோர் குளமும் எல்லோருக்கும் என்று 1986இல் தொடங்கிய ஏற்பாடு இது. எங்கள் தெருவில் இரண்டு டீக்கடைக்காரர்களை இப்படி ஒப்புக்கொள்ள வைத்துவிட முடியுமா?

முதலில் ஷின்மெய்கானின் குகைக்குப் போனேன். அந்த விடுதிக்காரர் கோட்டோ டெட்சுயா உளியும் சுத்தியலுமாகக் கையாலேயே குடைந்த குகை. பொட்டுத் துணி இல்லாமல்தான் இறங்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீருக்குள் காலை வைக்கலாம். துண்டு தலைமேல், தண்ணீரில் படக்கூடாது. கூச்சம் இரண்டு நிமிடம்தான். இருட்டும் ஆவியும் அதற்கு மேல் எதையும் பார்க்க விடவில்லை. கை வைத்த இடத்தில் பாறை சொரசொரவென்று, உளி பட்ட தடத்தோடு இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே. யமமே என்ற ஆற்று மீனை, நீந்துகிற மாதிரியே வளைத்துக் குச்சியில் குத்தி, உப்புத் தடவிச் சுட்டிருந்தார்கள். வாலை மட்டும் விட்டுவைத்தேன். அடுத்தது குமமோட்டோவின் பெருமை, பச்சைக் குதிரைக்கறி. இஞ்சியும் இனிப்பான சோயாவும் ஒரு துண்டை உள்ளே தள்ளின. இரண்டாவதுக்குக் கை போகவில்லை. இதற்குள் சம்மணமிட்ட முழங்கால் வேறு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அறைக்குத் திரும்பினால் மேசை ஓரமாக ஒதுங்கியிருக்க, நடுவில் மெத்தை விரிந்திருந்தது. யார் வந்தார், எப்போது வந்தார், தெரியவில்லை.

இரண்டாவது குளியல் அன்றிரவே, மூங்கில் உருண்டை விளக்குகள் ஆற்றின்மேல் தொங்கும் நேரத்தில். மூன்றாவது மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால் அவசரமாக. முடிந்த தெகாதாவை இங்கே ஜிஸோ கோயிலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. நானும் கயிற்றை அவிழ்த்தேன்; மனசு வரவில்லை, பையில் போட்டுக்கொண்டு ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.