பாரிட்டோனுக்குத் தமிழ் தேடிய ஒரு வாரம்

அண்மையில் ஒரு சிறுகதையை மொழிபெயர்க்க எடுத்தபோது, "பாரிட்டோன்" என்று மேலையிசையில் சொல்லப்படும் ஆண்குரல் கொண்ட நீதிபதி ஒருவர் இரண்டாம் பக்கத்திலேயே வந்து நின்றார். அவர் குரலுக்குத் தமிழ் தேடியதில் எனக்கு ஒரு வாரம் போயிற்று.

கனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு, இழுவிசையையும் தொனியையும் குறிக்கும் 'டோனோஸ்' சேர்ந்து பிறந்து, இத்தாலியின் வழியாகப் பிற ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல் இது. கிரேக்க இலக்கணத்தில் இதற்கும் ஆண்குரலுக்கும் தொடர்பே இல்லை: கடைசி அசையில் ஏற்றம் பெறாத சொல்லைத்தான் அப்பெயரால் அழைத்தனர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நம் இலக்கணத்தார் ஓசையின் ஏற்ற இறக்கத்தைப் பகுத்ததைப் படித்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

மேலையிசையில் பாரிட்டோன் என்பது மிகத் தாழ்ந்த குரல் அன்று. கீழே பேஸ், மேலே டெனர், இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை உலவுவது பாரிட்டோன். 1851இல் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகொலெட்டோ' என்னும் இசைநாடகத்தில் தலைமைப் பாத்திரமே இக்குரலுக்கு எழுதப்பட்டது. நம் நாட்டுப் பத்திரிகைகளோ அமிதாப் பச்சனில் தொடங்கி, கனமாகப் பேசும் ஆண்கள் எல்லோருக்கும் இப்பட்டத்தை வழங்கிவிடுகின்றன. அதையும் முற்றிலும் பிழை என்று தள்ள முடியவில்லை. ஏனெனில், இசைக்கருவிகளில் இச்சொல் தாழ்வையே குறிப்பதும் உண்டு: சாக்சஃபோனில் பரவலாகப் புழங்கும் நான்கு வகைகளுள் பாரிட்டோன்தான் கீழ்ச்சுருதிக்கு உரியது.

தமிழில் முதலில் நாவில் வருவது கட்டைக் குரல். ஆனால் அதில் சிறிது ஏளனம் ஒட்டியிருக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது அது வெளிப்படையாகவே தெரியும். போதாக்குறைக்கு, ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சுருதி சொல்லும் நம் வழக்கில், ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவதால், கட்டை கூடினால் சுருதி உயர்கிறது. கட்டைக் குரல் என்றால் மட்டும் தாழ்கிறது! கிரேக்க மூலத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துவது 'கனத்த குரல்'தான். எனினும் "கனத்த குரலில் தீர்ப்பை வாசித்தார்" என்று எழுதினால், நீதிபதி துக்கத்தை அடக்கிக்கொண்டு பேசியதாகவே தமிழ் வாசகர் எண்ணுவார். 'ஆழ்ந்த குரல்' எனக்கு ஆழ்ந்த இரங்கலையே நினைவூட்டுகிறது. சிம்மக் குரல் என்றதும் சிவாஜி கணேசன் வந்து நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்.

கடைசியில், "அடிவயிற்றிலிருந்து எழுந்து வரும் கம்பீரமான குரல்" என்று விரித்தெழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டு, "கணீரென்ற குரல்" என்று சுருக்கித் திருப்பியிருக்கிறார். கணீர் என்பது வெண்கல மணியின் ஓசை. தெளிவும் எதிரொலிப்பும் அதில் உண்டே தவிர, தாழ்வு இல்லை. இதை விளக்கி அவருக்கு இன்று மாலை எழுத வேண்டும்.