பாத்திரத்தோடு குழம்பையும் கொட்டினேன்: ஒரு ஜெல்லிஃபின் அப்டேட்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினி பிசி இருக்கிறது. நம் வீடியோக்களை டிவியில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருள் அதில் ஓடுகிறது. அதை டாக்கர் என்ற கருவியைக் கொண்டு, கன்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சினிமாவைவிட அதில் அதிகம் ஓடுவது குடும்பச் சரக்குதான். விஎச்எஸ் கேசட்டிலிருந்து ஏற்றிய சித்தி கல்யாணம், தம்பி காதுகுத்து, தாத்தா ரேடியோவிலிருந்து பிடித்து வைத்த கச்சேரிகள். இதற்கெல்லாம் விவரம் இணையத்திலிருந்து தானாக இறங்காது. எந்த வருஷம், எந்த மண்டபம், மாலையோடு நிற்கிற அந்த மீசைக்காரர் யார் என்று ஆச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு நான் தட்டியது. 2025 மார்ச் மாதச் சாயங்காலங்கள் முழுக்க அதிலேயே போயின.

ஏப்ரலில் ஜெல்லிஃபினின் 10.10.7 பதிப்பு வந்தது. பாதுகாப்புத் திருத்தம் இருந்ததால் உடனே போட்டுவிட வேண்டியது. என்னிடம் இருந்தது 10.10.6. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் மாறுகிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். கன்டெய்னரை நிறுத்தினேன், அழித்தேன், புது இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் மென்பொருள் பொதி) இறக்கினேன், மறுபடி ஓடவிட்டேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

பிரவுசரில் திறந்தால், 'நல்வரவு, உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்று நிற்கிறது. புதிதாக நிறுவும்போது வரும் அதே முதல் பக்கம். எனக்கு உடனே உறைக்கவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது என்று மொழியைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயர்வரை தட்டிவிட்டேன். அப்புறம்தான் வயிற்றைப் புரட்டியது. உள்ளே போனால் லைப்ரரி காலி. அதற்குள் அம்மா அடுத்த அறையிலிருந்து, "ஏல, டிவியில என்னமோ பாஸ்வேர்டு கேட்டு நிக்கு" என்றாள்.

மார்ச்சில் முதல் முறை நிறுவியபோது வீடியோ ஃபோல்டரை மட்டும் கன்டெய்னரோடு இணைத்திருந்தேன். ஜெல்லிஃபின் தன் அமைப்புகளை எழுதிக்கொள்ளும் 'கான்ஃபிக்' ஃபோல்டரை வெளியே எங்கும் இணைக்கவில்லை. அப்படி விட்டாலும் அது பிழை எதுவும் காட்டாமல் ஓடும். நாம் பெயர் வைக்காத வால்யூம் ஒன்றை, அதாவது தரவைக் கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் சேமிப்பிடத்தை, டாக்கரே உருவாக்கிக் கொடுத்துவிடும். கன்டெய்னரை அழித்துப் புதிதாகப் போட்டால் அதற்குப் புதிய வால்யூம், காலியாக. பாத்திரம் அழுக்கு என்று மாற்றப் போய்க் குழம்பையும் கொட்டிவிட்டேன். இப்படித்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் குழம்பு கொட்டவில்லை, எடுத்து வைத்த இடம்தான் எனக்குத் தெரியவில்லை.

நல்லவேளை, அந்தப் பதற்றத்தில் ஆபீஸ் நண்பனுக்கு போன் போட்டேன். நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டான். "மாப்ள, எதையும் ப்ரூன் மட்டும் பண்ணிராத. கைய எடு." நான் செய்ய இருந்தது சரியாக அதைத்தான். குப்பையைக் கூட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று 'டாக்கர் வால்யூம் ப்ரூன்' கட்டளையைத் தட்டி வைத்திருந்தேன், என்டர்தான் பாக்கி. டாக்கர் 23-ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை, எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத பெயரில்லா வால்யூம்களை மட்டும் அழிக்கும். பெயர் வைத்தவற்றைத் தொடாது. என்னுடையது பெயரில்லாதது. ஒரு என்டரில் மார்ச் மாதம் போயிருக்கும்.

வால்யூம் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். நான்கு வரிகள், ஒவ்வொன்றும் டாக்கரே வைத்த, 64 எழுத்தில் பொருளில்லாத பெயர். ஜெல்லிஃபின் இமேஜ் கான்ஃபிக்குக்கு ஒன்று, தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் கேஷுக்கு ஒன்று என்று இரண்டு கேட்கும். பழைய இரண்டு, புதிய இரண்டு, ஆக நான்கு. டாக்கர் வால்யூம்களை வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக, இறங்கி ஒவ்வொன்றின் அளவையும் பார்த்தேன். ஒன்று மட்டும் இரண்டு ஜிபிக்கு மேல் இருந்தது. அதற்குள் 'டேட்டா' ஃபோல்டரில் லைப்ரரி டிபி, ஜெல்லிஃபின் டிபி என்று இரண்டு தரவுத்தளக் கோப்புகள். தேதி அன்று காலை. அதைப் பார்த்தபிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உடனே எடுத்து ஒட்டவில்லை. அந்த ஃபோல்டர் முழுவதையும் உட்கார்ந்து மேய்ந்தேன், இதை மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டும். லைப்ரரி டிபியில் நான் தட்டிய பெயர்கள், விவரங்கள். ஜெல்லிஃபின் டிபியில் பயனர்கள், கடவுச்சொற்கள். 'டிவைஸ்' என்று ஒரு சின்ன உரைக் கோப்பு, அதில் சர்வரின் அடையாள எண். டிவி ஆப் சர்வரை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. தலைப்பு நிறத்தை மாற்ற நான் எழுதிய சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் குறியீடு) ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில், டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு வீடியோவை மாற்றுவதற்கான அமைப்புகள் இன்னொன்றில். 'ரூட்' என்ற ஃபோல்டருக்குள் (நிர்வாகி ரூட் அல்ல, பெயர் மட்டும்) ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு சின்னக் கோப்பு, திறந்தால் ஒரே ஒரு வரி. கன்டெய்னருக்குள் வீடியோக்கள் எந்தப் பாதையில் இருக்கின்றன என்பது. அந்தப் பாதை ஒரு எழுத்து மாறினாலும் அடுத்த ஸ்கேனில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே புதிதாக இணைக்கும்போதும் அதே பெயர்தான் வைக்க வேண்டும்.

கன்டெய்னரை நிறுத்திவிட்டு, ஹோம் ஃபோல்டரில் ஜெல்லிஃபின் என்று ஓர் இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் நகலெடுத்தேன். நிறுத்தாமல் எடுக்கவே கூடாது. ஜெல்லிஃபின் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசியாக எழுதியவை பக்கத்தில் 'வால்' (WAL) என்று முடியும் துணைக் கோப்பில் நிற்கும். பிரதானக் கோப்பை மட்டும் அள்ளினால் பாதிதான் கிடைக்கும்.

இந்த முறை கன்டெய்னரை எழுப்பும் நீளமான ரன் கட்டளையை விட்டுவிட்டு, அதே விவரங்களைக் கம்போஸ் கோப்பாக எழுதி வைத்தேன். இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போடாமல் 10.10.7 என்று எண்ணோடு போட்டேன். எது எப்போது மாற வேண்டும் என்பது என் கையில் இருக்கட்டும். ஆனால் புத்திசாலித்தனமாக, ரூட்டாக ஓட வேண்டாம், 1000 எண் கொண்ட சாதாரணப் பயனராக ஓடட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். கன்டெய்னர் எழவே இல்லை. நகலெடுத்த கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயரில் இருந்தன. ஃபோல்டர் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றியதும் எழுந்தது.

என் பழைய கடவுச்சொல்லே வேலை செய்தது. டிவி எதுவும் கேட்காமல் உள்ளே போனது. ஆனால் சித்தி கல்யாணத்தை ஓடவிட்டால் பிழை. வீடியோ மாற்றத்துக்கு இன்டெல் கிராஃபிக்ஸைப் பயன்படுத்து என்ற அமைப்பு கான்ஃபிக்கில் பத்திரமாக இருந்தது. அந்தச் சாதனத்தைக் கன்டெய்னருக்குக் காட்டும் வரிதான் இல்லை. அது ஜெல்லிஃபினின் அமைப்பு அல்ல, என் பழைய ரன் கட்டளையில் இருந்தது. கன்டெய்னரை அழித்ததால் அதனிடம் விசாரிக்கவும் வழியில்லை. டெர்மினல் ஹிஸ்டரியில் தேடி எடுத்தேன். ரூட்டாக இல்லாததால் கிராஃபிக்ஸைத் தொட அனுமதி உள்ள ரெண்டர் குழுவின் எண்ணையும் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வரிக்கே ஒரு மணி நேரம் போனது. அமைப்புகள் கான்ஃபிக் ஃபோல்டரில் பாதி, கன்டெய்னரை எழுப்பும் கட்டளையில் பாதி என்று கிடக்கின்றன. அதனால் இப்போது கம்போஸ் கோப்பும் அதே ஃபோல்டரில்தான் குடியிருக்கிறது.

வீடியோவுக்குப் பக்கத்திலேயே விவரங்களை என்எஃப்ஓ கோப்பாகவும் எழுதி வைக்கும் வசதியை அன்றிரவே லைப்ரரி அமைப்பில் இயக்கினேன். சர்வரே போனாலும் மீசைக்காரர் யார் என்பது மிஞ்சும்.

2025 அக்டோபரில் 10.11 வந்தது. இது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் எண் மாறும் சின்னச் சமாச்சாரம் இல்லை. லைப்ரரி டிபியில் இருந்த அத்தனையையும் ஜெல்லிஃபின் டிபிக்குள் கொண்டுபோகும் பெரிய இடமாற்றம். ஒரு தடவை மாறிவிட்டால் பழைய இமேஜைப் போட்டுத் திரும்ப முடியாது, பழைய ஃபோல்டர் நகல் இருந்தால்தான் உண்டு. நான் அவசரப்படவில்லை. சில திருத்தங்கள் வரட்டும் என்று டிசம்பர்வரை காத்திருந்தேன். நிறுத்தி, ஃபோல்டரை நகலெடுத்து, அந்த நகலை வைத்து 8097 என்ற வேறு போர்ட்டில் (இணைப்பு எண்) இன்னொரு கன்டெய்னரை எழுப்பி அதை முதலில் 10.11-க்கு மாற்றிப் பார்த்தேன். வீடியோ ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்தேன். சரியாக வந்தது. ஒரே ஒரு பிளகின் (கூடுதலாகச் சேர்த்த வசதி) மட்டும் புதிய பதிப்புக்குப் பொருந்தாமல் படுத்துக்கொண்டது, அது பெரிய இழப்பில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசலை மாற்றினேன். நடப்பதைப் பதியும் லாகில் வரிகள் ஊர்ந்தன. நடுவில் ரீஸ்டார்ட் செய்யக் கை துறுதுறுத்தது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சி தூங்கி எழுந்து வந்து ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முடிந்ததும் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். முந்தின நாள் கண் அசந்த இடத்திலிருந்தே சித்தி கல்யாணம் தொடர்ந்தது. தாலி கட்டி முடிந்து, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் நேத்து இருந்த மாதிரிதானல இருக்கு? மத்தியானம் பூரா என்னத்தப் பண்ணிட்டிருந்த?"